ரசீதில் யார் பெயர்?

என் பெரியப்பா மகன் ஷார்ஜாவில் ஏ.சி. பராமரிப்பு வேலையில் இருபது வருஷம் இருந்தவர். 2014இல் துபாயில் ஒரு ஸ்டூடியோ பிளாட்டுக்கு புக்கிங் போட்டார். விலை 5,20,000 திர்ஹாம். கட்டடம் அப்போது மணல்வெளியில் ஒரு வேலியும் விளம்பரப் பலகையும் மட்டும்தான். முதலில் பத்து சதவீதம், 52,000 திர்ஹாம் கட்டினார். பிறகு 13,000 வீதம் நான்கு தவணை. ஒன்றரை வருஷம் கழித்து, துபாயின் டெய்ரா பகுதியில் நான் கணக்கு எழுதிக்கொண்டிருந்த அலுவலகத்துக்கு ஒரு மஞ்சள் ஃபைலைத் தூக்கிக்கொண்டு வந்தார். "தம்பி, நீ கணக்குப் பார்க்கிறவன். இதைக் கொஞ்சம் பாரு. போன் போட்டா எடுக்க மாட்டேங்கிறான்" என்றார்.

ஃபைலில் பளபளப்பான புத்தகம் ஒன்று, புக்கிங் படிவம் ஒன்று, ஐந்து ரசீதுகள். படிவத்தில் இருந்தது கட்டுகிற கம்பெனியின் பெயர். ரசீதுகளின் தலைப்பில் இருந்ததோ ஏதோ ஒரு மார்க்கெட்டிங் கம்பெனியின் பெயர். ஐந்து ரசீதிலும் அதே பெயர்தான். "அண்ணே, நீங்க வாங்குனது ஒருத்தர்கிட்ட, பணம் கட்டுனது இன்னொருத்தர்கிட்ட" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். துபாய் நிலத்துறையில் போய்க் கேட்டபோது அந்த பிளாட் எண்ணுக்கு நேரே அவர் பெயர் இல்லை. மார்க்கெட்டிங் கம்பெனி இருந்த அறையில் வேறு யாரோ பயண ஏஜென்சி நடத்திக்கொண்டிருந்தார்கள். மொத்தம் 1,04,000 திர்ஹாம். அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 17 லட்சம் ரூபாய்.

வெளிநாட்டில் கட்டி முடிக்காத வீட்டை வாங்க நினைக்கும் ஒவ்வொருவருக்கும் நான் சொல்ல விரும்புவது அந்த ஐந்து ரசீதுகளுக்குள்ளேயே இருக்கிறது. வீட்டின் படத்தைப் பார்ப்பதற்கு முன்னால், பணம் எந்தக் கணக்குக்குப் போகிறது, அங்கிருந்து அதை யார் எடுக்க முடியும் என்று பாருங்கள்.

ஆஃப் பிளான் என்று வளைகுடாவில் எல்லோரும் சொல்வது, வரைபடத்தைக் காட்டி வீட்டை விற்பதைத்தான். அது தன்னளவில் மோசடி கிடையாது. புர்ஜ் கலீஃபாவின் குடியிருப்புகளும் கட்டுவதற்கு முன்பே விற்கப்பட்டவைதான். கட்டுகிறவருக்கு வங்கிக் கடனைவிட நம் தவணை மலிவான பணம். மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடிக்கிற நமக்கோ, மொத்தமாகக் கொடுக்காமல் சிறுகச் சிறுகக் கட்டலாம், விலையும் சற்றுக் குறைவு. இருவருக்கும் ஆதாயம் இருப்பதால்தான் இந்த முறை நிலைத்திருக்கிறது. சிக்கல் என்னவென்றால், இதில் கடன் கொடுக்கிறவர் நாம். வங்கி கடன் கொடுத்தால் அடமானம் கேட்கும், வேலை எவ்வளவு முடிந்தது என்று ஆள் அனுப்பிப் பார்க்கும். நாம் ஒரு மாதிரிக் கட்டடத்தையும் விற்பனைப் பெண்ணின் சிரிப்பையும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறோம்.

துபாய் இதைப் பட்டுத்தான் கற்றுக்கொண்டது. வெளிநாட்டினரும் முழு உரிமையோடு வீடு வாங்கலாம் என்று 2002இல் கதவு திறந்தது. அதற்கான பதிவுச் சட்டம் வந்ததோ 2006இல். இடைப்பட்ட ஆண்டுகளில் விற்பனை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. வாங்குகிறவர்கள் கட்டிய பணம் நேரே கட்டுகிறவரின் சொந்தக் கணக்குக்குப் போயிற்று. முதல் கட்டடத்துக்கு வந்த பணத்தில் இரண்டாவதுக்கு நிலம் வாங்குவார்கள், இரண்டாவதுக்கு வந்ததில் மூன்றாவதுக்கு விளம்பரம் செய்வார்கள். புதிதாக ஆள் வந்துகொண்டே இருக்கும்வரை எந்தக் குறையும் வெளியே தெரியாது. வாங்கியவர்களில் பலரும் குடியேற வாங்கவில்லை. இரண்டாவது தவணை வருவதற்குள் லாபம் வைத்து அடுத்தவருக்குத் தள்ளிவிடலாம் என்றே வாங்கினார்கள்.

2008இன் கடைசியில் உலகச் சந்தை விழுந்தபோது புதிய ஆள் வருவது நின்றது. துபாய் வீட்டு விலை பாதிக்குமேல் சரிந்தது. 2009 நவம்பரில் அரசுக்குச் சொந்தமான துபாய் வேர்ல்டே கடனைத் திருப்பித் தர அவகாசம் கேட்டது. அதன் கீழிருந்த நகீல் கம்பெனி 2002இல் அறிவித்த பாம் ஜெபல் அலி தீவு, கடலில் மண் கொட்டியதோடு நின்றுபோய், 2023இல்தான் புதிய திட்டமாக மறுபடி வந்தது. அரசு கம்பெனி, நிற்காது என்று நம்பிப் பணம் போட்டவர்கள் ஒரு தலைமுறை காத்திருந்தார்கள். துபாய் பேர்ல் என்ற கோபுரத் திட்டம் எலும்புக்கூடாகவே பல ஆண்டு நின்று, 2022இல் இடிக்கப்பட்டது. அந்தக் காலத்தில் தவணைக்கெல்லாம் முன்தேதியிட்ட செக் எழுதி வாங்கிக்கொள்வார்கள். செக் திரும்பினால் அங்கே அது கிரிமினல் குற்றம். கட்டடம் நின்றுபோயிருந்தாலும் செக் வங்கிக்குப் போய்க்கொண்டிருந்தது. வேலையும் போய், செக்கும் திரும்பி, காரை விமான நிலையத்தில் விட்டுவிட்டு நாட்டைவிட்டு ஓடியவர்கள் உண்டு. பணமில்லாமல் திரும்பும் செக்குக்குச் சிறை என்ற நிலை பெருமளவுக்கு மாறியது 2022 ஜனவரியில்தான்.

இதைத் தடுப்பதற்கான இன்றைய சட்டங்களின் அடிப்படை, அந்தச் சரிவுக்குச் சற்று முன்புதான் வந்திருந்தது. அவற்றில் முக்கியமானது 2007ஆம் ஆண்டின் 8ஆம் எண் சட்டம், அதாவது எஸ்க்ரோ சட்டம். ஒவ்வொரு திட்டத்துக்கும் அதன் பெயரிலேயே தனி வங்கிக் கணக்கு இருக்க வேண்டும். வாங்குகிறவர் கட்டுவது அந்தக் கணக்குக்குத்தான் போக வேண்டும். வேலை நடந்த அளவுக்குச் சான்று காட்டினால்தான் கட்டுகிறவர் அதிலிருந்து எடுக்க முடியும். அவருக்குக் கடன் கொடுத்த வேறு யாரும் அந்தப் பணத்தை ஜப்தி செய்ய முடியாது. கட்டி முடித்த பிறகும் ஐந்து சதவீதத்தை ஒரு வருஷம் நிறுத்திவைக்க வேண்டும், குறைபாடு வந்தால் சரிசெய்ய. இதைக் கண்காணிக்க ரேரா என்ற அமைப்பும் அதே ஆண்டில் வந்தது. நிலத்தின் விலையை முழுதாகக் கட்டி, கட்டுமானச் செலவில் 20 சதவீதத்துக்கு ரொக்கமோ வங்கி உத்தரவாதமோ காட்டிய பிறகுதான் விற்பனைக்கே அனுமதி.

இரண்டாவது, 2008ஆம் ஆண்டின் 13ஆம் எண் சட்டம். கட்டாத வீட்டை விற்றாலும் நிலத்துறையின் இடைக்காலப் பதிவேட்டில் வாங்கியவர் பெயரை ஏற்ற வேண்டும் என்கிறது. இந்தப் பதிவுக்கு ஓகூத் என்று பெயர். நம்மூரில் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கம் போட்டுப் பார்ப்போமே, அதுபோல அந்த பிளாட் யார் பெயரில் நிற்கிறது என்று சொல்லும் ஆவணம் இதுதான். புக்கிங் படிவமோ ரசீதோ அந்த இடத்தில் நிற்காது. ஒரே பிளாட்டை இரண்டு பேருக்கு விற்றால், பதிவேட்டில் பெயர் இருப்பவர்தான் பிழைப்பார். பதிவுக் கட்டணம் விலையில் நான்கு சதவீதம். "இதை அப்புறம் பார்த்துக்கலாம், இப்போ டிஸ்கவுண்ட் போட்டுத் தர்றேன்" என்று ஒரு ஏஜென்ட் சொன்னால், அந்த இடத்திலேயே எழுந்துவிடுங்கள். அண்ணனிடம் அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள். அவர் அதைச் சலுகை என்று எடுத்துக்கொண்டார்.

2014இல் இந்தச் சட்டங்கள் எல்லாமே இருந்தன. ஆனாலும் அவருடைய பணம் போயிற்று. ஏனென்றால், எஸ்க்ரோ கணக்குக்குள் வந்த பணத்தைத்தான் எஸ்க்ரோ சட்டம் காக்கும். வெளியே கட்டிய பணத்துக்கு அது காவல் நிற்பதில்லை.

போன வருஷம் அவருடைய மகன் எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு திட்டத்தை அனுப்பினான். மாதம் ஒரு சதவீதம் கட்டினால் போதும், ஆண்டுக்கு எட்டு சதவீத வாடகை உறுதி, 20 லட்சம் திர்ஹாமுக்கு மேலே போனால் பத்து வருஷ கோல்டன் விசா. "சித்தப்பா, ஏஜென்ட் நம்ம ஊர்க்காரர்தான்" என்று வேறு எழுதியிருந்தான். இருவரும் போனிலேயே உட்கார்ந்தோம். துபாய் நிலத்துறையின் துபாய் ரெஸ்ட் செயலியில் திட்டத்தின் பெயரைத் தேடினான். இருந்தது. கட்டுகிறவர் பெயரும் பொருந்தியது. வேலை எத்தனை சதவீதம் முடிந்தது என்று பார்க்கச் சொன்னேன். "மூணு" என்றான். விற்பனைக்காரர் அவனிடம் சொல்லியிருந்தது முப்பது. ஏஜென்டின் ரேரா அட்டை எண்ணைக் கேட்டு வாங்கச் சொன்னேன். விளம்பரத்தில் இருக்க வேண்டிய அனுமதி எண்ணையும் கேட்கச் சொன்னேன். கடைசியாக, பணம் கட்டச் சொல்லி வந்த தாளைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். கணக்கின் பெயர் ஒரு மார்க்கெட்டிங் கம்பெனி. முன்பு பார்த்த பெயர் இல்லை, ஆனால் அதே மாதிரிப் பெயர்.

"திட்டத்தோட எஸ்க்ரோ கணக்கு எண்ணை எழுத்துல குடுங்கன்னு கேளு. குடுத்தா அந்த வங்கிக்கிளைக்கும் நிலத்துறைக்கும் போன் பண்ணி, அது இந்தத் திட்டத்துக்குரியதுதானான்னு உறுதி பண்ணிக்க" என்றேன். ஏஜென்டிடமிருந்து எண் வரவில்லை. 'இன்னைக்கு ராத்திரிக்குள்ள கட்டலைன்னா விலை ஏறிடும்' என்று குரல் பதிவுதான் வந்தது. அவன் கட்டவில்லை.

அந்த "உறுதியான வாடகை" பற்றியும் சொல்ல வேண்டும், இதில் நம் ஆட்கள் அதிகம் விழுகிறார்கள். எட்டு சதவீதம் மூன்று வருஷத்துக்கு என்றால் விலையில் 24 சதவீதம். பக்கத்துக் கட்டடங்களைவிட இந்த பிளாட்டின் விலை எவ்வளவு கூடுதல் என்று விசாரித்துப் பாருங்கள். பல இடங்களில் உங்களிடம் கூடுதலாக வாங்கியதையே வாடகை என்ற பெயரில் திருப்பித் தருகிறார்கள். அதையும் தருவதாக உறுதி சொல்வது வங்கியா, கட்டுகிறவரே ஆரம்பித்த ஒரு துணைக் கம்பெனியா என்று பார்க்க வேண்டும். துணைக் கம்பெனியை மூடுவதற்கு அதிக நாள் ஆகாது.

ஒப்பந்தத்தில் நான் முதலில் தேடுவது தவணை அட்டவணையை. அது இரண்டு விதமாக இருக்கும். மார்ச் ஒன்று, ஜூன் ஒன்று என்று தேதி வைத்த தவணை ஒரு வகை. அஸ்திவாரம் முடிந்தால் இவ்வளவு, பாதிக் கட்டடம் எழுந்தால் இவ்வளவு என்று வேலை வைத்த தவணை இன்னொரு வகை. முதல் வகையில் கட்டடம் நின்றாலும் நீங்கள் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். முடிந்தவரை இரண்டாவதையே கேளுங்கள். அடுத்து, ஒப்படைப்புத் தேதி. "2027 இறுதியில், எதிர்பார்க்கப்படுகிறது" என்று எழுதி, கீழே சிறிய எழுத்தில் மேலும் பன்னிரண்டு மாதம் தள்ளிப்போகலாம் என்று இருக்கும். தாமதத்துக்கு நஷ்டஈடு என்ன என்பது எழுதப்பட்டிருக்காது. எழுதச் சொல்லுங்கள். ஆங்கிலமும் அரபியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் ஒப்பந்தத்தில் துபாய் நீதிமன்றம் பார்ப்பது அரபியைத்தான். இரண்டும் ஒன்றையே சொல்கின்றனவா என்று அரபி தெரிந்த வக்கீல் ஒருவர், கட்டுகிறவர் காட்டிய வக்கீல் இல்லாமல் நீங்களே தேடிய ஒருவர், படித்துப் பார்க்க வேண்டும். பல லட்சம் போகிற இடத்தில் அந்தக் கட்டணத்தை மிச்சம் பிடிக்காதீர்கள்.

இனி சொல்லப்போவதைக் கவனமாகப் படியுங்கள். நல்ல எண்ணத்தோடு செய்கிற ஒரு காரியமே வாங்கியவரைக் கவிழ்க்கும் இடம் இது. கட்டடம் தாமதமாகிறது, கோபம் வருகிறது, "வேலை நடக்கட்டும், அப்புறம் கட்டுகிறேன்" என்று தவணையை நிறுத்துகிறோம். நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் சட்டத்தின் கண்ணில் அந்த நிமிடத்திலிருந்து தவறியவர் நாம். கட்டுகிறவர் நிலத்துறைக்கு எழுதுவார். துறை நமக்கு 30 நாள் அவகாசம் கொடுத்து நோட்டீஸ் அனுப்பும். அதற்குள் கட்டாவிட்டால், வேலை எவ்வளவு முடிந்திருக்கிறது என்பதைப் பொறுத்து நம் பணத்தைப் பிடித்துக்கொள்ளலாம். 60 சதவீதத்துக்கு மேல் முடிந்திருந்தால் வீட்டு விலையில் 40 சதவீதம் வரை. ஆரம்பித்து 60க்குக் கீழே நின்றால் விலையில் 25 சதவீதம் வரை.

இது கட்டிய பணத்தில் 25 சதவீதம் இல்லை, வீட்டின் விலையில். பத்து லட்சம் திர்ஹாம் பிளாட்டுக்கு மூன்று லட்சம் கட்டியிருக்கிறீர்கள் என்று வையுங்கள். கட்டடம் 40 சதவீதத்தில் இருக்கும்போது நீங்கள் நிறுத்தினால், அவர் இரண்டரை லட்சம் வரை வைத்துக்கொள்ளலாம். உங்களுக்கு வருவது ஐம்பதாயிரம். அதையும் ஒப்பந்தம் ரத்தாகி ஒரு வருஷத்துக்குள், அல்லது அந்த பிளாட்டை வேறு ஒருவருக்கு விற்று 60 நாளுக்குள், எது முந்தியோ அப்போது தந்தால் போதும்.

ஆகவே தவணையை நிறுத்துவதற்கு முன் வக்கீலைப் பாருங்கள். தாமதம் கட்டுகிறவரின் தவறு என்பதை எழுத்தில் நிறுவ வேண்டும். தளத்தின் படம் தேதியோடு, செயலியில் காட்டும் சதவீதம் மாதாமாதம், நீங்கள் அனுப்பிய மின்னஞ்சல், வராத பதில், எல்லாம் வேண்டும். சொன்ன பொருளை மாற்றிவிட்டார், குடியிருக்க முடியாத அளவுக்குக் குறை, ஒப்பந்தத்தின் பிரதியையே தர மறுக்கிறார் என்பது போன்ற நிலைகளில் ரத்துக் கேட்கும் உரிமை வாங்கியவருக்கும் உண்டு. பரப்பளவு சொன்னதைவிட ஐந்து சதவீதத்துக்கு மேல் குறைந்தால் ஈடு கேட்கலாம், கூடினால் அவர் கூடுதல் பணம் கேட்க முடியாது.

இவையெல்லாம் துபாய் எமிரேட்டின் சட்டங்கள் என்பதை மறக்கக் கூடாது. அரை மணி நேரம் கார் ஓட்டினால் வரும் ஷார்ஜாவுக்கும் அஜ்மானுக்கும் தனித்தனிப் பதிவுத் துறை, தனித்தனி விதிகள். "எல்லாம் யு.ஏ.இ.தானே" என்று ஏஜென்ட் சொன்னால் நம்ப வேண்டாம். சென்னையில் ஒரு நட்சத்திர ஹோட்டலில் கண்காட்சி வைத்து விற்றாலும், வெளிநாட்டுக் கட்டடத்துக்கு நம்மூர் ரேரா பொறுப்பில்லை. புகாரை எடுத்துக்கொண்டு தமிழ்நாட்டு ஆணையத்துக்குப் போனால் வெறும் கையோடுதான் திரும்ப வேண்டும்.

இந்தியாவில் குடியிருந்துகொண்டு வாங்குகிறவர்களுக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் எல்.ஆர்.எஸ். திட்டத்தின் வழியில் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரைதான் அனுப்ப முடியும். 2025 ஏப்ரல் முதல் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் அனுப்பும் தொகைக்கு வங்கி 20 சதவீதம் டி.சி.எஸ். என்ற முன்வரி பிடிக்கும். பிறகு வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம் என்றாலும், தவணை நேரத்தில் கையில் அந்தப் பணமும் இருந்தாக வேண்டும். வாங்கிய சொத்தை வருமான வரிப் படிவத்தின் வெளிநாட்டுச் சொத்துப் பகுதியில் காட்டாவிட்டால் 2015ஆம் ஆண்டின் கறுப்புப் பணச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கலாம். வங்கியைத் தவிர்த்து உண்டியலில் அனுப்பினால் அனுப்பிய தொகையைப் போல மூன்று மடங்குவரை அபராதம் போட அந்நியச் செலாவணிச் சட்டமான ஃபெமாவில் இடமிருக்கிறது. அதைவிடப் பெரிய கேடு, கட்டடம் நின்றால் பணம் கட்டியதற்கே உங்களிடம் சாட்சி இருக்காது. ரூபாயின் சரிவையும் கணக்கில் வையுங்கள். 2008 தொடக்கத்தில் ஏறத்தாழ 11 ரூபாயாக இருந்த திர்ஹாம் 2024இல் 22ஐத் தாண்டிவிட்டது. திர்ஹாமில் தவணை மாறாது, ஊரில் சம்பாதித்துக் கட்டுகிறவருக்கு ஏறிக்கொண்டே போகும்.

ஸ்பெயினில் நடந்தது இதற்கு ஒரு நல்ல பாடம், கொஞ்சம் ஆறுதலும்கூட. கட்டாத வீட்டுக்கு வாங்கும் முன்பணத்தைத் தனிக் கணக்கில் வைக்க வேண்டும், வங்கியோ காப்பீட்டுக் கம்பெனியோ அதற்கு உத்தரவாதம் தர வேண்டும் என்று அங்கே 1968லேயே சட்டம் இருந்தது. 2000களில் அலிகாண்டே, முர்சியா கடற்கரைகளில் ஆயிரக்கணக்கான பிரிட்டிஷ்காரர்கள் ஓய்வுக்கால வீடு என்று முன்பணம் கட்டினார்கள். பலருக்கு உத்தரவாதப் பத்திரம் கைக்கே வரவில்லை, கேட்கவும் தெரியவில்லை. 2008க்குப் பிறகு கட்டுகிறவர்கள் திவாலானார்கள். அவர்கள்மேல் வழக்குப் போட்டு என்ன கிடைக்கும்? வாங்கியவர்கள் பணம் போய் விழுந்த வங்கிகளின் மேல் வழக்குப் போட்டார்கள். வருகிற பணம் வீட்டு முன்பணம் என்று தெரிந்தும், தெரிந்திருக்க வேண்டிய நிலையிலும், உத்தரவாதம் இல்லாமல் அதை வாங்கிப் போட்டுக்கொண்ட வங்கியே பொறுப்பு என்று ஸ்பெயின் உச்ச நீதிமன்றம் 2015 டிசம்பரில் தீர்ப்புச் சொன்னது. அதைக் கொண்டு பலர் பணத்தைத் திரும்ப வாங்கினார்கள். முன்பணம் எந்த வங்கிக்கு, என்ன குறிப்போடு போயிற்று என்ற தாள் வைத்திருந்தவர்களுக்கு வழக்கு எளிதாக இருந்தது. வங்கி வழி அனுப்பும்போது குறிப்பில் திட்டத்தின் பெயரையும் பிளாட் எண்ணையும் எழுதுங்கள் என்று நான் எல்லோரிடமும் வற்புறுத்துவது இதனால்தான்.

ஏற்கனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு: முதலில் நிலத்துறையில் திட்டத்தின் நிலையை எழுத்தில் வாங்குங்கள். நடக்கிறதா, நிறுத்தப்பட்டதா, ரத்தானதா என்பதைப் பொறுத்து வழி மாறும். ரத்தான, முடிக்கப்படாத திட்டங்களுக்கு துபாயில் 2020 முதல் தனித் தீர்ப்பாயம் இருக்கிறது. சாதாரண நீதிமன்றத்தில் பணத்தைச் செலவழிப்பதற்கு முன், உங்கள் திட்டம் அதன் கீழ் வருகிறதா என்று கேளுங்கள். அதே கட்டடத்தில் வாங்கிய மற்றவர்களைத் தேடிப் பிடியுங்கள். பத்துப் பேர் சேர்ந்தால் வக்கீல் செலவு பத்தில் ஒன்று, கட்டுகிறவர் போனையும் எடுப்பார். "முன்பணம் கட்டினால் உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம்" என்று தானாகத் தேடி வரும் ஆட்களிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். ஏமாந்தவர்களின் பட்டியல் கைமாறுகிறது, இரண்டாவது முறை ஏமாற்றுவதற்கு.

அண்ணன் அப்படியும் ஒருவருக்கு 3,000 திர்ஹாம் கொடுத்தார். பிறகுதான் என்னிடம் சொன்னார். வழக்குப் போடலாம் என்று போய் விசாரித்ததில், மூடிய கம்பெனியின் பெயரில் தீர்ப்பு வாங்கினாலும் வசூலிக்க எதுவும் இல்லை என்று தெரிந்தது. கட்டுகிற கம்பெனியோ, உங்கள் பணம் எங்கள் கணக்குக்கு வரவே இல்லையே என்று கடிதம் கொடுத்தது. அது பொய்யும் இல்லை. 2019இல் வேலையை முடித்துக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டார். அந்தக் கட்டடம் எழுந்துவிட்டது, அவர் புக் செய்த எண்ணில் யாரோ குடியிருக்கிறார்கள். மஞ்சள் ஃபைலை இன்னும் பீரோவில், வீட்டுப் பத்திரத்துக்கு அடியில் வைத்திருக்கிறார். மகன் அந்தத் திட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த இரவில் அதை எடுத்து, ஐந்து ரசீதுகளையும் கட்டிலில் வரிசையாகப் பரப்பி, ஒவ்வொன்றின் தலைப்பிலும் விரலை வைத்து அவனுக்குப் படித்துக் காட்டினாராம்.